அரசியல் தத்துவத்தில் போஸ்ட்டாக்: நம் ஊரிலிருந்து போக முடியுமா?

கேள்வி, 9 ஜூன் 2023

அக்கா, மார்ச்சில் பிஎச்.டி. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. ஆய்வு, அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாடு பற்றி. இப்போது ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்தில் வகுப்பெடுக்கிறேன். போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்குப் போகலாமா என்று கைடிடம் கேட்டேன். "அதெல்லாம் கெமிஸ்ட்ரிக்காரனுக்கு. லேப் வைத்திருக்கிறவன் ஆள் எடுப்பான். தத்துவத்துக்கு யாரு எடுப்பா?" என்றார். உண்மையா?

10 ஜூன் 2023

உண்மை இல்லை தம்பி. ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதிதான் ஆளைக் குழப்புகிறது. வேதியியலில் ஒரு பேராசிரியரிடம் புராஜெக்ட் இருக்கும், பணம் வந்திருக்கும், வேலை செய்ய ஆள் தேவைப்படும். அரசியல் தத்துவத்தில் அப்படி ஆள் எடுப்பது குறைவு. இங்கே கேள்வியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அவர்கள் தருவது ஒன்று முதல் மூன்று வருட நேரம், ஒரு மேசை, நூலகம், எதிர்த்து வாதாட நாலு பேர்.

நான் ஜெர்மனியில் அப்படி 18 மாதம் இருந்தேன். ஹும்போல்ட் அறக்கட்டளையின் ஃபெலோஷிப். பி.ஏ., எம்.ஏ. இரண்டும் பாளையங்கோட்டையில் படித்தவள்தான். வெளிமாநிலத்தில் பிஎச்.டி. முடித்து மூன்றாவது வருடம் அது கிடைத்தது.

10 ஜூன், இரவு

ஒன்று விட்டுவிட்டேன். வைவா முடிந்த தேதி, பட்டச் சான்றிதழில் உள்ள தேதி, பட்டமளிப்பு விழா தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். எல்லா இடத்திலும் பிஎச்.டி. முடித்து எத்தனை வருடம் என்பதுதான் முதல் கேள்வி. விழா நடக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

14 ஜூன் 2023

இந்தியாவுக்குள் எங்கே என்று கேட்டிருந்தீர்கள்.

இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம், 1969இல் தொடங்கியது. எல்லோரும் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருட போஸ்ட்டாக் உண்டு. ஒரு பல்கலைக்கழகமோ, அவர்களுடைய ஆய்வு நிறுவனங்களில் ஒன்றோ உங்களை ஏற்க வேண்டும். சென்னையில் அடையாறில் உள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனம் அப்படிப்பட்ட ஒன்று, மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கியது. தத்துவத்துக்குத் தனியாக ஐ.சி.பி.ஆர். (இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகம்) இருக்கிறது, தலைமையகம் டெல்லி, கல்வி மையம் லக்னோ. அங்கே 'ஜெனரல் ஃபெலோஷிப்' என்று பெயர் வைத்திருப்பதால் நம் ஆட்கள் பலர் அதை போஸ்ட்டாக் என்று அடையாளம் காணாமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம் யு.ஜி.சி.யின் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் ஃபெலோஷிப். போன வருடம் செப்டம்பர் 5 அன்று புதுப்பித்து அறிவித்தார்கள்: 900 இடம், அதில் 30 சதவீதம் பெண்களுக்கு, மாதம் 50,000 ரூபாய். மணிக்கணக்குச் சம்பளத்தில் இருக்கிற ஒருவருக்கு அந்தத் தொகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன். மே மாதம் சம்பளம் கிடையாது, அந்த மாதம்தான் விண்ணப்பம் எழுத நேரமும் இருக்கும்.

சிம்லாவையும் மறக்க வேண்டாம். பழைய வைஸ்ராய் மாளிகையில் 1965 முதல் உயராய்வு நிறுவனம் இயங்குகிறது. தங்கி எழுதும் இடம் அது. குளிர் நமக்கு ஒத்துவராது என்று வீட்டில் சொல்வார்கள். சமாளிக்கலாம்.

2 ஜூலை 2023

தம்பி அனுப்பிய இரண்டு பக்கத்தை நேற்று வாசித்தேன். 'ரால்ஸின் கோட்பாட்டின் அடிப்படையில் திருநெல்வேலி மாவட்டக் கிராமக் கோயில் நிர்வாகம்: ஓர் ஆய்வு' என்று தலைப்பு. வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே தவறை நான் செய்து இரண்டு வருடம் போனது.

என் முதல் விண்ணப்பம் தாமிரபரணி அணைக்கட்டுகளை வைத்து. கன்னடியன், கோடைமேலழகியான், நதியுண்ணி என்று ஆற்றில் எட்டு அணைக்கட்டு. கால்வாய் தூர்வாருவதற்கு ஊரார் சேர்ந்து உழைக்கும் குடிமராமத்து. 1858இல் மதராஸ் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு அந்த வழக்கத்தைத் தண்டனைக்குரிய கடமையாக மாற்றியது. வழக்கமாக இருந்த கடமை சட்டமானதும் என்ன ஆகிறது என்பது என் கேள்வி. நல்ல கேள்வி என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் விண்ணப்பத்தில் கேள்வி எட்டாவது பக்கத்தில் வந்தது. முதல் ஏழு பக்கமும் அணைக்கட்டு வரலாறு.

ஒரு இடத்தில் "இது தத்துவம் இல்லை, வட்டார வரலாறு" என்றார்கள். இன்னொரு இடத்தில் "களஆய்வு முறை தெளிவாக இல்லை, எத்தனை விவசாயிகளிடம் பேட்டி எடுப்பீர்கள்?" என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் நேர்முகம் வரை போனேன். தேர்வுக்குழுவில் ஒருவர் மிக அன்பாக, "உங்கள் பகுதியிலிருந்து வருபவர்களிடம் நல்ல தரவு இருக்கிறது. கோட்பாட்டை ஏன் நீங்கள் கையில் எடுக்கிறீர்கள்?" என்றார். எக்ஸ்பிரசில் ஊர் திரும்பும்போது மணியாச்சி வரை அந்த வாக்கியம் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

3 ஜூலை 2023

நேற்று கோபத்தில் எழுதியதால் ஒரு பெயரை விட்டுவிட்டேன். கோபால் குரு 2002இல் இ.பி.டபிள்யூ. (எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி) இதழில் எழுதிய கட்டுரை. இந்திய சமூக அறிவியலில் கோட்பாடு செய்கிறவர்கள் ஒரு கூட்டம், தரவு சேகரிக்கிறவர்கள் இன்னொரு கூட்டம், அந்தப் பிரிவினை சாதிப் படிநிலையைப் போலவே நடக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டியவர். அதை நேர்முகத்துக்கு முன்பே வாசித்திருந்தால் என்ன கேட்டார்கள் என்பதாவது எனக்குப் புரிந்திருக்கும். நீங்கள் இப்போதே வாசித்துவிடுங்கள்.

22 ஜூலை 2023

ஊரில் கொடை, கோயில் திருவிழா. மூன்று நாளாக வீட்டு வாசலுக்கு நேரே குழாய் ஸ்பீக்கர். இரவு வில்லுப்பாட்டு முடிந்தால் விடியற்காலை நாலு மணிக்குப் பக்திப் பாட்டு. நடுவில் வரி கொடுத்தவர்கள் பெயர் வாசிப்பு.

படுத்துக்கொண்டு கேட்கும்போது அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் ஞாபகம் வந்தார். 1974இல் அவர் சொன்ன உதாரணம் ஒலிபெருக்கிதான். தெருவில் உங்களைத் தவிர 364 பேர். ஒரு ஒலிபெருக்கியை வைத்து ஆளுக்கு ஒரு நாள் பாட்டு, கதை, செய்தி என்று நடத்துகிறார்கள். 138 நாள் நீங்கள் ஜன்னலோரம் நின்று ரசித்துவிட்டீர்கள். இப்போது உங்கள் முறை. ஒரு நாளைக் கொடுத்தே ஆக வேண்டுமா? கட்டாயம் இல்லை என்கிறார் நோசிக். அவர் குறிவைத்தது ஆங்கிலேயச் சட்டத் தத்துவவாதி ஹார்ட் 1955இல் சொன்னதை: பலர் விதிப்படி சேர்ந்து ஒரு காரியத்தை நடத்தும்போது, தங்கள் சுதந்திரத்தை அதற்காகக் குறைத்துக்கொள்ளும்போது, அதில் பயன்பெற்றவர்களும் தங்கள் பங்கைச் சுமக்கக் கடன்பட்டவர்கள். ரால்ஸும் அதையே சொல்கிறார்.

நம் ஊரில் இதற்குத் தலைக்கட்டு வரி என்று பெயர், கொடைச் செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் பிரிப்பது. கேட்காமல் வருகிற ஸ்பீக்கர், கேட்டு வருகிற வரி. உங்கள் ஆய்வு இங்கேதான் இருக்கிறது, கோயில் நிர்வாகத்தில் இல்லை.

23 ஜூலை 2023

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன், தூக்கம் வரவில்லை.

நோசிக்கின் மனிதர் தப்பிக்கப் பார்க்கிறார். கொடுக்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டா என்பது அவருடைய கேள்வி. எங்கள் ஊரில் நான் பார்த்தது நேர் எதிர். அப்பா இறந்த வருடம் கொடைக்கு வரி பிரிக்க வந்தவர்கள் எங்கள் வீட்டில் அரை வரி கேட்டார்கள். ஆம்பிளை இல்லாத வீடு அரைத் தலைக்கட்டு, அது ஊர் வழக்கம். சலுகை மாதிரித்தான் தெரியும். அம்மா உள்ளே போய் முழுப் பணத்தையும் எடுத்து வந்து நீட்டினாள். வாங்க மாட்டோம் என்றார்கள். அம்மா திண்ணையில் பணத்தை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. பணம் மிச்சம்தானே, இதற்கு ஏன் அம்மா அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அரை வரி கொடுத்தால் ஊர்க்கூட்டத்தில் அரைக் குரல்கூடக் கிடையாது. அதுதான் விஷயம்.

இதைவிடக் கடுமையானது, வரியே வாங்காமல் இருப்பது. தென்மாவட்டங்களில் கொடைக்கு முன்பு தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போடுகிறார்களே, அங்கே தலித் குடும்பங்கள் வைக்கும் கோரிக்கையை கவனித்திருக்கிறீர்களா? "எங்களிடமும் வரி வாங்குங்கள்." வரி வாங்கினால் முதல் மரியாதை முதல் தேர்வடம் வரை எல்லாவற்றிலும் பங்கு கேட்பார்கள் என்பதால்தான் வாங்க மறுக்கிறார்கள்.

பயன்பெற்றவர் தன் பங்கைச் சுமக்க வேண்டும் என்கிற இந்த 'நியாயப் பங்கு' விவாதத்தில், 'சுமையைச் சுமக்கும் உரிமை' என்ற பேச்சை யாரும் முக்கியமான கேள்வியாக எடுத்து நான் பார்த்ததில்லை. ஹார்ட், நோசிக் இருவருமே சுமையை எல்லோரும் தவிர்க்க விரும்பும் ஒன்றாகத்தான் வைத்துப் பேசுகிறார்கள். தம்பி, அதை எழுதுங்கள்.

5 ஆகஸ்ட் 2023

தம்பி திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். 22ஆம் தேதி 'ரால்ஸும் அதையே சொல்கிறார்' என்று எழுதியது முழுசாகச் சரியில்லை. 1964 கட்டுரையில் அப்படித்தான். ஆனால் 1971 புத்தகத்தில் அவர் நகர்ந்துவிடுகிறார். நியாயப் பங்குக் கடமை, பயனைத் தாமாக ஏற்றுக்கொண்டவர்களுக்கே பொருந்தும் என்கிறார். சாதாரணக் குடிமக்கள் எல்லோருக்கும் பொருந்துவது, நீதியான அமைப்புகளை ஆதரிக்கும் இயற்கைக் கடமை. ரால்ஸை நாலு வருடம் படித்தவருக்கு என் ஞாபகத்தை விட அதிகம் தெரியும், சந்தோஷம்.

இதனால் உங்கள் வாதம் இன்னும் பலமாகிறது. ஜான் சிமன்ஸ் என்ற தத்துவவாதி 1979இல் பயனை 'பெறுவது' வேறு, 'ஏற்பது' வேறு என்று பிரித்தார். நம் ஊர் மூன்றாவது ஒன்றைக் காட்டுகிறது: ஏற்கத் தயாராக இருந்தும், கொடுக்கத் தயாராக இருந்தும், சேர்க்கப்படாதவர். அவருக்கு ஸ்பீக்கர் சத்தம் உண்டு, வரி ரசீதுச் சீட்டில் பெயர் கிடையாது.

19 ஆகஸ்ட் 2023

ஐரோப்பா பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு இந்த வருடம் கடைசி நாள் செப்டம்பர் 13. பிஎச்.டி.க்குப் பிறகு ஆய்வில் இருந்த காலம் 8 வருடத்துக்குள் இருக்க வேண்டும். பிள்ளைப்பேறு, ஆய்வை விட்டு வேறு வேலை பார்த்த வருடம் இதெல்லாம் கழித்துக்கொள்ளலாம். இதை அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் குழந்தை பிறந்ததால் வயது தாண்டிவிட்டது என்று விண்ணப்பிக்காமலே விட்ட இரண்டு தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். போகிற நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நமக்கு அது பிரச்சினையே இல்லை. ஆய்வுத் திட்டத்தின் முக்கியப் பகுதி 10 பக்கம், ஒரு வரி கூடக் கூடாது. இந்த வருட விதிப்படி 70 சதவீதத்துக்குக் கீழே மதிப்பெண் வந்தால் அதே நிறுவனத்தோடு அடுத்த வருடம் மறுபடி போட முடியாது. அதனால் அவசரமாக ஒன்றை எழுதிப் போட வேண்டாம்.

ஃபுளோரன்சில் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தின் மேக்ஸ் வெபர் திட்டம்: பிஎச்.டி. முடித்து 5 வருடத்துக்குள், எந்த நாட்டவரும் போடலாம். அரசியல் கோட்பாடு அங்கே அரசியல், சமூக அறிவியல் துறைக்குள் வரும். ஹும்போல்ட்: 4 வருடத்துக்குள், 6 முதல் 24 மாதம், நாட்டுக்கோ துறைக்கோ இத்தனை இடம் என்ற கணக்கு கிடையாது. போவதற்கு முன் ஜெர்மன் மொழி வகுப்புக்கும் அவர்களே செலவு செய்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டின் சாஃப்ரா அறவியல் மையம் (1986), பிரின்ஸ்டனின் மனித விழுமியங்கள் மையம் (1990) இரண்டின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள். உலகம் முழுக்க வருகிற தத்துவ வேலைகளுக்கு பில்ஜாப்ஸ் தளம்.

ஜூன் 10 இரவு தேதிகள் பற்றி எழுதிய குறிப்புக்கு ஒரு சேர்க்கை: மேரி கியூரிக்கு வைவாவில் வெற்றி பெற்றிருந்தாலே போதும், பட்டம் கைக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

26 ஆகஸ்ட் 2023

முன்பின் தெரியாத பேராசிரியருக்கு எப்படி எழுதுவது என்கிறார் தம்பி. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலின் கீழ்' என்று தொடங்க வேண்டாம். நம் ஊரில் அது மரியாதை, அங்கே அதை வாசிக்கிறவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. அவருடைய ஒரு கட்டுரையை எடுங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்று மூன்று வரியில் சொல்லுங்கள். உங்கள் கேள்வி இரண்டு வரி. எந்த ஃபெலோஷிப், எந்தத் தேதி, அவரிடமிருந்து என்ன தேவை. முடிந்தது. நான் எழுதிய ஆறு பேரில் நாலு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் இடமில்லை என்றார். ஆறாவது ஆள், நான் மறுத்திருந்த இடத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் சண்டை போட்டு எழுதினார். அவரோடுதான் 18 மாதம் இருந்தேன்.

14 செப்டம்பர் 2023

தம்பி நேற்றைய கடைசி நாளை விட்டுவிட்டார். கல்லூரியில் தர மதிப்பீட்டுக்கு நாக் (NAAC) குழு வருகிறது என்று ஃபைல் வேலை. பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. மூன்று மாதமாக எழுதியது அது. ஆனால் பாதி வெந்ததைப் போடாமல் இருந்தது சரி.

8 அக்டோபர் 2023

"திருநெல்வேலியில் என்ன தத்துவம் இருக்கு, அல்வா இருக்கு" என்று தம்பியின் மாமா சொன்னாராம். அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையை அவருக்குக் காட்டுங்கள். மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர்.

இன்னும் பின்னால் போனால் பாபநாசத்துக்குப் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரம், சிவஞான முனிவர் பிறந்த ஊர். 12 சூத்திரம் கொண்ட சைவ சித்தாந்த நூல் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதியவர். என் தாத்தா அதைப் பாராயணம் மாதிரி வாசிப்பார், எனக்குப் பாதி புரியாது. அந்த மரபில் எனக்குப் பிடித்தது ஒரு முறை: முதலில் பரபக்கம், அப்புறம் சுபக்கம். எதிராளியின் கட்சியை அவனே ஒப்புக்கொள்கிற அளவுக்கு வலுவாகச் சொல்லிவிட்டுத்தான் தன் கட்சி.

தம்பியின் புதிய வரைவில் நோசிக் நாலு வரியில் அடிபட்டுப் போகிறார். அது போதாது. நோசிக் நம் ஊருக்கு வந்தால் ஊர்விலக்குச் செய்யப்பட்ட குடும்பத்தின் பக்கம்தான் நிற்பார், வரி கொடுக்க மறுத்தவனை ஊர் தண்டிக்கக் கூடாது என்பார். அந்தக் குடும்பத்துக்கு அவரை விட்டால் வேறு வக்கீல் இல்லை. இதை ஒரு பக்கமாவது எழுதிவிட்டு அப்புறம் மறுக்கலாம். ஜூலையில் நான் எழுதியதிலும் இந்தக் குறை இருந்தது. சுமக்கும் உரிமை என்று பேசும்போது சுமக்க விரும்பாதவனை மறந்துவிட்டேன்.

27 டிசம்பர் 2023

பத்து நாளாக எதுவும் எழுத முடியவில்லை. 17, 18 தேதி மழையில் ஆறு ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. என்றார்கள். தம்பி வீடு ஏரல் பக்கம். ஆட்கள் எல்லோரும் நலம். பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த சான்றிதழ் ஃபைல் போய்விட்டது.

எல்லோருக்கும் சொல்கிறேன்: பத்தாம் வகுப்பிலிருந்து பிஎச்.டி. வரை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு பேர் மெயிலில் போட்டு வையுங்கள். தம்பி ஜூன் மாதம் எனக்கு அனுப்பிய பிரதிகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, திருப்பி அனுப்பிவிட்டேன். டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போட இப்போதைக்கு அது போதும்.

21 ஜனவரி 2024

நல்ல செய்தி. தம்பி எழுதிய ஜெர்மன் பேராசிரியர் பதில் போட்டிருக்கிறார். ஏற்பதாக இன்னும் சொல்லவில்லை, ஐந்து பக்கம் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு கேள்வி: தலைக்கட்டு வரியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள், அரசு போடுகிற வரியா, சங்கச் சந்தாவா, நன்கொடையா?

நேற்று போனில் ஒரு மணி நேரம் இதைத்தான் பேசினோம். சந்தா என்றால் விலகிக்கொள்ளலாம். அரசு வரி என்றால் விலக முடியாது, ஆனால் அரசு யாரிடமும் வரி வாங்க மறுக்காது. நன்கொடை என்றால் கொடுத்தவனுக்குப் பாராட்டு கிடைக்கும், ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. மூன்றும் பொருந்தவில்லை. 'வரி' என்றே விட்டுவிட்டு, ஏன் மூன்றும் பொருந்தவில்லை என்பதை முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். முதலில் ஒரு அடிக்குறிப்பு போதும் என்று நினைத்திருந்தேன். பேசப் பேசத்தான் வாதமே அதில் இருப்பது தெரிந்தது.

22 ஜனவரி 2024

தம்பி, நீங்கள் கேட்ட அந்த வருட வரி ரசீதுச் சீட்டு கிடைத்துவிட்டது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். தொகை முழுசு. வரி பிரிக்க வந்தவர்கள் பணத்தைத் திண்ணையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் மறுநாள் எழுதிக் கொடுத்தது. பெயர் இருக்கிற இடத்தில் அப்பா பெயர்தான் எழுதியிருக்கிறார்கள்.

படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், பயன்படுத்திக்கொள்ளலாம். ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் தெரியாமல் மறைத்துவிடுங்கள்.